ஐரோப்பியக் கால்பந்துப் பருவத்தின் கடைசி நாளும் ரசிகர்களும்

ஐரோப்பாவின் பெரிய கால்பந்து லீக் போட்டிகள் ஆகஸ்ட் மாதம் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதம் முடிகின்றன. இந்தக் காலத்தைப் பருவம் அல்லது சீசன் என்கிறோம். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் சொந்த ஊரில் ஒரு முறையும் எதிரணியின் ஊரில் ஒரு முறையும் மோத வேண்டும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 அணிகள் இருப்பதால் ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள். ஜெர்மனியின் பன்டஸ்லீகாவில் 18 அணிகள், 34 ஆட்டங்கள். உலகக் கோப்பையைப் போல இங்கே இறுதிப் போட்டி என்று தனியாக ஒன்று கிடையாது. வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி என்று கூட்டிக்கொண்டே போய், கடைசி ஆட்டம் முடிந்ததும் பட்டியலில் மேலே இருப்பவர் சாம்பியன்.

இறுதிப் போட்டி இல்லாததால்தான் பருவத்தின் கடைசி நாள் இவ்வளவு விசித்திரமானது. ரசிகர் தம் கண் முன்னே நடக்கும் ஆட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. தம் அணியின் தலைவிதி 300 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னோர் ஊரில் நடக்கும் ஆட்டத்தில் முடிவாகிக்கொண்டிருக்கலாம்.

மேலே மட்டுமல்ல, கீழேயும்

புதிதாகப் பார்ப்பவர்கள் சாம்பியன் பட்டத்தை மட்டுமே கவனிப்பார்கள். பட்டியலின் அடிப்பகுதியிலும் அதே அளவு கொந்தளிப்பு உண்டு. பிரீமியர் லீக்கில் கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகள் அடுத்த பருவத்தில் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்க வேண்டும். ஜெர்மனியில் கடைசி இரண்டு அணிகள் நேரடியாக இறங்கும். 16ஆம் இடத்தில் உள்ள அணி, இரண்டாம் நிலை லீக்கில் மூன்றாவதாக வந்த அணியுடன் இரண்டு ஆட்டங்கள் ஆடித் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இதைத் தரமிறக்கம் என்பர். நம் ஐ.பி.எல். கிரிக்கெட்டில் கடைசி இடம் பிடித்த அணியும் அடுத்த ஆண்டு அதே போட்டியில் ஆடும். ஐரோப்பியக் கால்பந்தில் அந்தச் சலுகை இல்லை. தொலைக்காட்சி வருமானம் சரியும், நல்ல ஆட்டக்காரர்கள் வேறு அணிக்குப் போவார்கள், அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களின் வேலைக்கும் ஆபத்து வரும். ஆகவே பட்டத்தைத் தவறவிட்டவரின் அழுகை ஒரு வகை, தரமிறங்கியவரின் அழுகை வேறு வகை. இரண்டாவதில் பயமும் கலந்திருக்கும்.

ஒரே நேரத்தில் தொடங்குவது ஏன்?

கடைசி நாளன்று ஒரு லீக்கின் எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். மற்ற ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப ஆடக் கூடாது என்பதே காரணம். இந்தப் பாடத்தைக் கால்பந்து உலகம் கற்றது 1982 உலகக் கோப்பையில். ஸ்பெயினின் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தின நாளே முடித்துவிட்டது. மேற்கு ஜெர்மனி 1-0 என வென்றால் இரு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியேறும் என்று கணக்கு இருந்தது. ஜெர்மனி தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்தது. அதன் பிறகு இரு அணிகளும் பந்தைத் தங்களுக்குள் உருட்டிக்கொண்டு நேரத்தைக் கழித்தன. அரங்கில் இருந்தவர்கள் கூச்சலிட்டுக் கண்டித்தார்கள். 1986 முதல் உலகக் கோப்பையில் ஒவ்வொரு பிரிவின் கடைசி ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடத்தப்படுகின்றன.

நேர்மைக்காக வந்த இந்த ஏற்பாடு ரசிகர்களுக்கு ஒரு புது வேதனையையும் கொடுத்தது: காது ஓரிடம், கண் ஓரிடம். கைப்பேசி வருவதற்கு முன் அரங்குக்கு டிரான்சிஸ்டர் ரேடியோ கொண்டுபோவார்கள். இத்தாலியில் எல்லா ஊர் ஆட்டங்களையும் மாறி மாறி ஒலிபரப்பும் வானொலி நிகழ்ச்சி 1960 முதல் நடந்துவருகிறது. ஜெர்மனியிலும் அப்படி ஒன்று புகழ்பெற்றது. ரேடியோ வைத்திருப்பவரைச் சுற்றி நாலு வரிசை திரும்பிப் பார்க்கும். மைதானத்தில் ஒன்றுமே நடக்காதபோது திடீரென்று அரங்கின் ஒரு மூலையில் ஆரவாரம் கிளம்பி அலைபோல் பரவும். ஆடுபவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே வெளியூர் நிலவரத்தைப் புரிந்துகொள்வார்கள். சில சமயம் அந்த ஆரவாரம் வெறும் வதந்தியாக இருக்கும். வதந்தி என்ன செய்யும் என்பதற்குக் கால்பந்து வரலாற்றில் இருக்கும் மிகக் கொடிய எடுத்துக்காட்டு ஜெர்மனியில் நடந்தது.

கெல்சன்கிர்சன், 2001 மே 19

ஜெர்மனியின் ரூர் பகுதியில் இருக்கும் கெல்சன்கிர்சன், நிலக்கரியால் வளர்ந்து, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதால் தேய்ந்த நகரம். அந்த ஊர் அணியான ஷால்கே 04-க்கு இன்றும் சுரங்கத் தொழிலாளர்கள் என்ற பொருள்படும் பட்டப்பெயர் உண்டு. ஷால்கே கடைசியாக ஜெர்மன் சாம்பியன் ஆனது 1958இல். பன்டஸ்லீகா தொடங்கியதே 1963இல்தான். ஆகவே 2001இல் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே அந்தப் பட்டம் நினைவில் இருந்திருக்கும். மற்றவர்கள் அப்பா, தாத்தா சொல்லிக் கேட்டவர்கள்.

கடைசி நாள் காலையில் பேயர்ன் மியூனிக் 62 புள்ளிகளுடன் முதலிடம். ஷால்கே 59 புள்ளிகளுடன் இரண்டாமிடம். பேயர்ன் ஹாம்பர்க் நகரில் ஆடியது. ஒரு சமநிலை கிடைத்தாலே அவர்களுக்குப் பட்டம். பேயர்ன் தோற்று ஷால்கே வென்றால் இருவருக்கும் 62 புள்ளி. அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வரும் கோல் வித்தியாசத்தில் ஷால்கே முன்னே நின்றது. ஷால்கே சொந்த அரங்கான பார்க்ஸ்டேடியனில் உன்டர்ஹாக்கிங் என்ற சிறிய அணியுடன் மோதியது. அந்த அரங்கில் அவர்களுக்கு அதுவே கடைசி பன்டஸ்லீகா ஆட்டம். புதிய அரங்கு பக்கத்திலேயே தயாராகிக்கொண்டிருந்தது.

உன்டர்ஹாக்கிங்கைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அது மியூனிக்குக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். அதற்கு முந்தைய ஆண்டு, 2000 மே 20 அன்று, சமநிலை கண்டாலே சாம்பியன் என்ற நிலையில் வந்த லேவர்கூசன் அணியை 2-0 என்று தோற்கடித்து, பட்டத்தைப் பக்கத்து வீட்டு பேயர்னுக்கு வாங்கிக் கொடுத்த அணி அது. 2001இலும் அது ஷால்கேயைப் பயமுறுத்தியது. 0-2 என்று பின்தங்கிய ஷால்கே, இடைவேளைக்குள் 2-2 ஆக்கியது. மறுபடி 2-3. பிறகு யோர்க் போமே அடுத்தடுத்து இரண்டு கோல், கடைசியில் எபே சாண்ட் ஒன்று. 5-3. ஷால்கே தன் பங்கைச் செய்துவிட்டது.

ஹாம்பர்க்கிலோ கோல் எதுவும் விழவில்லை. 90ஆம் நிமிடத்தில் ஹாம்பர்க் அணியின் செர்கெய் பார்பரெஸ் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். அது அந்தப் பருவத்தில் அவருடைய 22ஆவது கோல். சாண்டும் 22 கோல் அடித்திருந்ததால் இருவரும் சேர்ந்தே அந்த ஆண்டின் அதிக கோல் அடித்தவர்கள் ஆனார்கள். செய்தி கெல்சன்கிர்சன் வந்ததும் அரங்கு வெடித்தது. சுமார் 65,000 பேர். தடுப்புகளைத் தாண்டி ஆயிரக்கணக்கானவர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். வாணவேடிக்கை விடப்பட்டது. ஹாம்பர்க் ஆட்டமும் முடிந்துவிட்டது என்று ஒரு தொலைக்காட்சி நிருபர் சொன்னார். அதை நம்பாமல் இருக்க அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

ஆனால் ஹாம்பர்க்கில் ஆட்டம் முடியவில்லை. நடுவர் மார்க்குஸ் மெர்க் கூடுதல் நேரம் கொடுத்திருந்தார். ஹாம்பர்க் தற்காப்பு வீரர் ஒருவர் காலால் தட்டிய பந்தை அவர்களுடைய கோல்காப்பாளர் மத்தியாஸ் ஷோபர் கையில் எடுத்துவிட்டார். தன் அணி வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்காப்பாளர் கையால் தொடக் கூடாது என்ற விதி 1992இல் வந்தது. மீறினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். அதாவது நேரே கோலுக்கு அடிக்க முடியாது, இன்னொருவர் முதலில் பந்தைத் தொட வேண்டும். கோலுக்கு மிக அருகில் அந்த வாய்ப்பு பேயர்னுக்குக் கிடைத்தது. ஹாம்பர்க் வீரர்கள் மொத்தமும் கோல் கோட்டருகே சுவராக நின்றார்கள். எஃபன்பர்க் பந்தை மெல்லத் தள்ள, ஸ்வீடன் நாட்டுத் தற்காப்பு வீரர் பாட்ரிக் ஆண்டர்சன் அடித்தார். சுவரின் இடுக்கில் பந்து உள்ளே போனது. 1-1. பேயர்ன் 63 புள்ளி, ஷால்கே 62. பேயர்னுக்காக ஆண்டர்சன் லீக்கில் அடித்த ஒரே கோல் அதுதான். இதில் ஊழ் என்று சொல்லத் தோன்றும் இன்னொரு செய்தி: அந்தக் கோல்காப்பாளர் ஷோபர், ஷால்கேயிலிருந்து ஹாம்பர்க் போய் ஆடிக்கொண்டிருந்தவர்.

கெல்சன்கிர்சன் அரங்கின் பெரிய திரையில் இந்தக் கடைசி நிமிடங்கள் நேரலையாக ஓடின. மைதானப் புல்லில் கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தபோதுதான் ஆட்டம் இன்னும் நடக்கிறது என்பதே தெரிந்தது. ஏறத்தாழ நான்கு நிமிடம் அவர்கள் சாம்பியன்களாக இருந்தார்கள். பிறகு அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே அமர்ந்தார்கள். முதியவர்கள் தேம்பி அழுதார்கள். அந்தக் கழகத்தின் மேலாளர் ரூடி அசாவர், இனிமேல் கால்பந்துக் கடவுளை நம்ப மாட்டேன் என்று மனமுடைந்து சொன்னது ஜெர்மனியில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஷால்கே தோற்ற கதையில், எல்லோரும் மறந்துவிடும் ஒரு தோல்வியும் உண்டு. அன்று உன்டர்ஹாக்கிங் தரமிறங்கியது. மூன்று கோல் அடித்தும் லீக்கை இழந்த அவர்களைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இதற்குப் பிறகு ரசிகர்கள் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. அவர்கள் அணியைத் திட்டவில்லை. ஷால்கேவுக்கு இதயங்களின் சாம்பியன் என்ற பெயர் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து, மே 26 அன்று, பெர்லினில் நடந்த ஜெர்மன் கோப்பை இறுதிப் போட்டியில் ஷால்கே மூன்றாம் நிலை லீக்கில் இருந்த யூனியன் பெர்லின் அணியை 2-0 என வென்றது. இரண்டு கோலும் போமே அடித்தவை. அது ஆறுதலா என்று கேட்டால், ஓரளவுக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்னதாக பேயர்ன் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றிருந்தது.

அதே ரசிகர்கள் எப்போதும் அப்படி இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். 2021 ஏப்ரலில், பருவம் முடிய இன்னும் சில ஆட்டங்கள் இருக்கும்போதே ஷால்கே தரமிறங்குவது உறுதியானது. நள்ளிரவில் ஊர் திரும்பிய ஆட்டக்காரர்களை ஒரு கூட்டம் முட்டை எறிந்து விரட்டியது. போராடித் தோற்றால் பொறுக்கும் மனம், போராடாமல் தோற்றதாகக் கருதினால் பொறுப்பதில்லை. இது நியாயமா என்பது வேறு. அச்சுறுத்தலை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது.

துயரத்துக்குப் பின் வந்த கடைசி நாள்

இங்கிலாந்தில் 1989இன் கடைசி ஆட்டம் வேறு விதமானது. அந்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் ரசிகர்கள் கூட்ட நெரிசலில் சிக்கினார்கள். அந்தப் பேரழிவில் இறந்தவர்கள் மொத்தம் 97 பேர். ஏப்ரலில் நடக்கவேண்டிய லிவர்பூல் - ஆர்சனல் ஆட்டம் தள்ளிப்போய், மே 26 வெள்ளிக்கிழமை இரவு, பருவத்தின் கடைசி ஆட்டமாக லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கில் நடந்தது. லிவர்பூல் 76 புள்ளி, ஆர்சனல் 73. ஆர்சனலுக்குப் பட்டம் வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும்.

மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஆட்டத்துக்கு முன் லிவர்பூல் 65 கோல் அடித்து 26 வாங்கியிருந்தது; வித்தியாசம் 39. ஆர்சனல் 71 அடித்து 36 வாங்கியிருந்தது, வித்தியாசம் 35. ஆர்சனல் 2-0 என்று வென்றால் இரண்டுக்கும் 76 புள்ளி, இரண்டுக்கும் வித்தியாசம் 37. அப்போது அடித்த கோல்களைப் பார்ப்பார்கள்: ஆர்சனல் 73, லிவர்பூல் 65. அப்படியேதான் நடந்தது. ஆலன் ஸ்மித் ஒரு கோல். ஆட்டம் முடியும் தறுவாயில் மைக்கேல் தாமஸ் இரண்டாவது கோல். 1971க்குப் பிறகு ஆர்சனலுக்கு முதல் லீக் பட்டம்.

ஆட்டம் தொடங்குமுன் ஆர்சனல் வீரர்கள் ஒவ்வொருவரும் மலர்க்கொத்து ஏந்திவந்து லிவர்பூல் ரசிகர்களிடம் கொடுத்தார்கள். முடிந்ததும், சொந்த மண்ணில் கடைசி நொடியில் பட்டத்தை இழந்த லிவர்பூல் ரசிகர்களில் பலர் கலையாமல் நின்று ஆர்சனலுக்குக் கைதட்டினார்கள். ஆறு வாரத்துக்கு முன் உறவினரையும் நண்பரையும் புதைத்த ஊர் அது. விளையாட்டில் தோல்வி எவ்வளவு பெரியது, எவ்வளவு சிறியது என்று அந்த இரவில் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மான்செஸ்டரும் டோர்ட்முண்டும்

2012 மே 13 நம் ஊரில் பலரும் தொலைக்காட்சியில் பார்த்தது. இங்கிலாந்தில் மாலை தொடங்கும் ஆட்டங்கள் நமக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வரும். மான்செஸ்டர் சிட்டி, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியிடம் 90 நிமிடம் முடிந்தபோது 1-2 என்று பின்தங்கியிருந்தது. பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட், சண்டர்லாந்தில் 1-0 என்று வென்று காத்திருந்தது. கூடுதல் நேரத்தில் ஜெகோ ஒன்று, அகுவேரோ ஒன்று. 3-2. இரு மான்செஸ்டர் அணிகளுக்கும் 89 புள்ளி. கோல் வித்தியாசத்தில் சிட்டி சாம்பியன், 1968க்குப் பிறகு முதல் முறை. அழுதுகொண்டே வெளியேறத் தொடங்கியவர்கள் ஓடித் திரும்பினார்கள். அந்த அரங்கில் தோற்ற அணியின் ரசிகர்களும் கொண்டாடினார்கள் என்பது வேடிக்கை: போல்டன் அணி வேறோரிடத்தில் வெல்லத் தவறியதால் ரேஞ்சர்ஸ் தரமிறக்கத்திலிருந்து தப்பியது. சண்டர்லாந்தில், தங்கள் அணி தோற்றதை மறந்த உள்ளூர் ரசிகர்கள், யுனைடெட் ஏமாந்ததற்காக முதுகைக் காட்டித் தோளோடு தோள் சேர்த்துக் குதித்தார்கள். அது சிட்டி ரசிகர்கள் போலந்தின் லெக் போஸ்னான் அணியின் ரசிகர்களைப் பார்த்துப் பழகிக்கொண்ட ஆட்டம். பிறர் துன்பத்தில் மகிழ்வது நல்ல குணம் அல்ல. ஆனால் கால்பந்து ரசனையில் அதற்கும் ஓர் இடம் இருப்பதை மறைக்க முடியாது.

2023 மே 27 அன்று டோர்ட்முண்ட் நகரில் நடந்ததோ இன்னும் குரூரம். பொருசியா டோர்ட்முண்ட் 70 புள்ளி, பேயர்ன் 68. மைன்ஸ் அணியைச் சொந்த அரங்கில் வென்றால் போதும். தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கினார்கள். பெனால்டி கிடைத்தது, முந்தின ஆண்டில்தான் புற்றுநோய் கண்டறியப்பட்டுச் சிகிச்சை பெற்றுத் திரும்பியிருந்த செபாஸ்டியன் ஹாலர் அடித்த பந்தை மைன்ஸ் கோல்காப்பாளர் தடுத்துவிட்டார். 0-2. பிறகு 1-2. அப்போது கொலோன் நகரில் பேயர்னுக்கு எதிராகக் கொலோன் அணி 81ஆம் நிமிடத்தில் சமன் செய்தது. கணக்கைப் பாருங்கள்: தோற்றுக்கொண்டிருக்கும்போதே டோர்ட்முண்ட் பட்டியலில் முதலிடம்! அந்த நிலை எட்டு நிமிடம் நீடித்தது. 89ஆம் நிமிடத்தில் பேயர்னின் ஜமால் முசியாலா கோல் அடித்தார். டோர்ட்முண்ட் கடைசியில் 2-2 ஆக்கியும் பயனில்லை. இருவருக்கும் 71 புள்ளி, கோல் வித்தியாசத்தில் பேயர்ன்.

டோர்ட்முண்ட் அரங்கின் தெற்குப் பக்கத்தில் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கும் பெரிய மாடம் உண்டு. மஞ்சள் சுவர் என்று அதற்குப் பெயர். ஆட்டம் முடிந்ததும் அந்தச் சுவர் கலையவில்லை. தலைகுனிந்து வந்த ஆட்டக்காரர்களை நோக்கிப் பாடியது, கைதட்டியது. அந்த அணியின் ரசிகராக வளர்ந்த பயிற்சியாளர் எடின் டெர்சிச் அவர்கள் முன் நின்று அழுதார்.

மைதானத்துக்குள் இறங்குவது

மகிழ்ச்சியோ கோபமோ, கடைசி நாளில் கூட்டம் மைதானத்துக்குள் இறங்குவது பழைய வழக்கம். ஹில்ஸ்பரோவில் மக்கள் நசுங்க ஒரு காரணமாக இருந்தது ரசிகர் மாடத்துக்கு முன்னிருந்த உயர்ந்த வேலி. அந்தப் பேரழிவுக்குப் பிறகு இங்கிலாந்து வேலிகளை அகற்றியது. அதே சமயம் 1991இல் இயற்றிய சட்டத்தின்படி காரணமின்றி மைதானத்தில் நுழைவதைக் குற்றமாக்கியது. இரண்டும் தேவைதான். 2022 மே மாதம் நாட்டிங்கம் நகரில் வெற்றிக் கொண்டாட்டத்துக்காக இறங்கிய கூட்டத்தில் ஒருவர், எதிரணித் தலைவர் பில்லி ஷார்ப்பைத் தலையால் முட்டிக் கீழே தள்ளிச் சிறைக்குப் போனார். கொண்டாட்டம் என்று ஆரம்பித்தாலும் அடுத்தவர் உடலுக்குப் பாதுகாப்பில்லை என்றால் அது கொண்டாட்டம் ஆகாது.

"நாம்" என்ற சொல்

ரசிகர் ஏன் இப்படி ஆகிறார்? அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1976இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பல்கலைக்கழக அணி வென்ற வார இறுதிக்குப் பிந்தைய திங்கட்கிழமைகளில் மாணவர்கள் பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த உடைகளை அதிகமாக அணிந்தார்கள். வெற்றியைப் பற்றிப் பேசும்போது "நாம்" என்றும், தோல்வியைப் பற்றிப் பேசும்போது அதைக் குறைத்தும் பேசினார்கள். தமிழிலும் இதைக் கேட்கலாம்: "ஜெயிச்சுட்டோம்", ஆனால் "தோத்துட்டானுங்க". கெல்சன்கிர்சனிலும் டோர்ட்முண்டிலும் ரசிகர்கள் இந்த ஆய்வுக்கு நேர்மாறாக நடந்தார்கள். தோற்ற நாளில்தான் சட்டையைக் கழற்றாமல் நின்றார்கள். அங்கே அணி என்பது தேர்ந்தெடுத்த பொழுதுபோக்கு அல்ல; தாத்தா வேலை பார்த்த சுரங்கம், பிறந்த தெரு என்பவற்றோடு சேர்ந்து வந்த ஒன்று. அதனால் விட்டுவிட்டுப் போகும் வழி இல்லை.

ஹாம்பர்க்கின் கடிகாரம்

2001இல் ஷால்கேயின் கதையில் வந்த ஹாம்பர்க் அணிக்கும் ஒரு கடைசி நாள் வந்தது. பன்டஸ்லீகா தொடங்கிய 1963 ஆகஸ்ட் முதல் ஒரு முறைகூடத் தரமிறங்காத ஒரே அணி என்ற பெருமை அதற்கு இருந்தது. அத்தனை காலத்தையும் ஆண்டு, நாள், மணி, நிமிடம், விநாடி என்று காட்டும் கடிகாரம் அரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. 2018 மே 12 அன்று ஹாம்பர்க் தன் ஆட்டத்தை 2-1 என்று வென்றும், வோல்ஃப்ஸ்பர்க் வேறிடத்தில் வென்றதால் தரமிறங்கியது. ஒரு சிறு கூட்டம் தீப்பந்தங்களையும் புகைக்குண்டுகளையும் மைதானத்தில் எறிய, ஆட்டம் நிறுத்தப்பட்டது. குதிரைப் போலீசார் வந்தார்கள். அரங்கின் பெரும்பகுதி எறிந்தவர்களை நோக்கியே கூவிக் கண்டித்தது.

அந்தக் கடிகாரத்தைக் கழகம் உடனே கழற்றவில்லை. கழகம் தோன்றிய 1887ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டுக் காட்டும்படி மாற்றினார்கள். 2019இல் அதையும் எடுத்துவிட்டு, அரங்கு அமைந்துள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை அந்த இடத்தில் எழுதினார்கள். ஹாம்பர்க் மறுபடி முதல் நிலை லீக்குக்கு ஏறியது 2025 மே 10 அன்று, உல்ம் அணியை 6-1 என வென்று. அன்றும் ரசிகர்கள் மைதானத்தை நிரப்பினார்கள். நெரிசலில் பலர் காயமடைந்தார்கள்.